முதிரைமடு பங்களாவை யானை உடைக்கவில்லை

றாத்தா,

போன கிழமை உங்கள் இளைய மகளின் வீட்டில் தச்சன் பழைய கதவு நிலை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான். நீங்கள் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்கு ஆட்கள் வருமுன் குசினிப் பக்கம் ஒரு பத்திக் கூரை இறக்கிவிட வேண்டுமாம். வாள் ஓடத் தொடங்கியதும் முதிரை மரத்தின் வாசம் எழும்பி முன் விறாந்தை வரை வந்தது. இருந்தவர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சி, நல்ல வாசம் என்றார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன்.

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே கதைக்க வேண்டும் என்கிறார்கள். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும்; இந்த நாற்பது நாளும் ஊர் அதைத்தான் செய்கிறது. நிந்தவூரில் உங்களைப்போல் ஒருத்தி இனிப் பிறக்கமாட்டாள் என்று பஸ்ஸில்கூடச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அக்கா முறை வைத்து றாத்தா என்று கூப்பிட்டாலும் நான் உங்கள் சம்பந்தக்காரி, உங்கள் மகளுக்கு மதினி, நான்கு கோடை உங்களோடு காட்டில் கிடந்தவள். எனக்கு உங்கள்மேல் கோபம். ஆறு வருடக் கோபம். கபுறில் மண் போட்டதும் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

வயல் வட்டைகளைத் தாண்டி மேற்கே, வயல்காரர்களின் பாதையும் முடிந்த பிறகு, காட்டு ஓரத்தில் முதிரைமடுக் குளம் இருந்தது. குளக்கட்டுக்கு மேலே பங்களா. வேட்டைக்கு வந்து தங்குவதற்காக வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. அவர் சீமைக்குப் போனபோது உங்கள் மூத்தவாப்பா அதை வாங்கினார். பிறகு நம் வழக்கப்படி மகளுக்கு, மகளின் மகளுக்கு என்று இறங்கி உங்களிடம் வந்தது. கல் தூண், பாலை மர வளை, முதிரைக் கதவுகள். சூறாவளி எங்கள் சாய்ந்தமருதுக் கரையில் பள்ளிக்கூடக் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அங்கே ஓர் ஓடு அசையவில்லை.

அதற்கு அடுத்த கோடையில்தான் பங்களாவை எல்லோருக்கும் திறந்துவிட்டீர்கள். "ஊட்டுக்குள்ள கிடந்து கூரை பறக்கிறதப் பாத்த பொம்பிளைகள் ஒருக்கா வெளிய வந்து காட்டையும் பாக்கட்டும்" என்றீர்கள். காட்டில் வைத்துப் பெண்களுக்கு என்ன படிப்பிக்கப்போகிறா, குரங்கு பிடிக்கவா என்று சந்தியில் நின்று சிரித்தவர்களின் மனைவிமாரே இரண்டாம் வருடம் பெயர் கொடுத்தார்கள். மருதமுனையிலிருந்து நெசவுக்காரிகள், எங்கள் ஊரிலிருந்து மீன்காரர் வீட்டுப் பெண்கள், டீச்சர்மார். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் ஐந்தைந்து நாளாக வருவார்கள். துரை வேட்டைத் துவக்கு மாட்டிய கொளுக்கிகளில் அவர்களுடைய தொழுகை உடுப்புகள் தொங்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னை நீங்கள் பிடித்த விதம் மறக்கவில்லை. "நீ பொத்தகத்துல பாம்பு காட்டுற. வா, உசிரோட காட்டுறன்." வந்தேன். அது என் பிழை.

வகுப்பு, குழு என்ற சொற்களே உங்களுக்குப் பிடிக்காது. கலியாண வீடு மாதிரி ஐந்து பேருக்கு ஒரே பெரிய தட்டில் ஒரு சகன் சோறு. ஒரு சகனைச் சுற்றி இருந்து சாப்பிடும் ஐவரும் ஒன்றாகவே நடக்க வேண்டும், ஒன்றாகவே தடம் பார்க்க வேண்டும். பின்நேரம் அஸர் தொழுத பிறகு ஒவ்வொரு சகனும் கண்டதைச் சொல்ல வேண்டும். எந்தப் பிராணியின் தடம், எந்த நேரம் போனது, பயந்து ஓடியதா, ஆறுதலாக நடந்ததா. பிழையாகச் சொன்னால் அந்தச் சகனுக்கு அன்று பொரியல் கிடையாது. என் சகன் பல நாள் வெறும் பருப்போடு சாப்பிட்டது. மருதமுனை ஜெமீலாவின் சகன் ஒருநாளும் பொரியல் இழக்கவில்லை. தறியில் அறுந்த நூலைத் தேடித் தேடிப் பழகிய கண் அவளுக்கு. மான் போய் எவ்வளவு நேரம் என்பதைப் புல் நிமிர்ந்திருக்கும் அளவை வைத்துச் சொல்லுவாள். டீச்சர்மாருக்கு அவளுடைய கண்ணில் பாதி இருந்தால் போதும் என்று என் முன்னாலேயே சொன்னீர்கள். எனக்குச் சுட்டது. ஆனால் மெய்தான்.

கிழிகாதனையும் அவள்தான் முதலில் கண்டாள். ஒரு காது கிழிந்த தனி யானை. பின்நேரம் குளத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, சமையல்கட்டு மூலைத் தூணில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போவான். முதல் நாள் பெண்கள் அலறினார்கள். ஐந்தாம் நாள், அவன் வரும் நேரம் என்று தங்கள் பாட்டில் பாயைச் சுருட்டி வழிவிட்டார்கள். உப்புப் பானையை மட்டும் பங்களாவுக்குள் வைக்க நீங்கள் விட்டதே இல்லை. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் பொத்திக் கட்டி வைப்பீர்கள். "உப்புக்குத்தான் ஆனை ஊட்ட உடைக்கிற. உப்பில்லாட்டி அவருக்கும் நமக்கும் ஒரு கோவமும் இல்ல" என்பீர்கள். நான்கு கோடையில் அவன் ஒரு பீங்கான்கூட உடைக்கவில்லை.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. உங்களுக்கு இரண்டு மகள்மார். மூத்தவளுக்கு நீங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் பின்னாலுள்ள அறைக்கு ஒதுங்கிவிட்டீர்கள். இளையவளுக்கென்று விட்ட வளவில் ஒரு கல்லும் வைக்கவில்லை. பிள்ளைகளின் வாப்பாவை இழந்த பிறகு வயலை நீங்களே பார்த்தீர்கள். அதில் வந்த நெல் முழுவதும் முதிரைமடுவில் சோறாகிக்கொண்டிருந்தது. உங்களுக்கும் தெரியும், அந்தச் சோற்றைத் தின்ற எனக்கும் தெரியும். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

அவளை விரும்பிக் கேட்டவன் என் தம்பி. வாப்பா இல்லாத வீட்டில், எனக்கொரு வீடு எழும்பும்வரை தான் கலியாணம் முடிப்பதில்லை என்று இருந்தவன். பகலில் ஊராருக்கு மேசன் வேலை, வந்து எனக்குக் கல் அடுக்கும் வேலை. என் வீட்டின் சுவர் ஒவ்வொன்றும் அவன் கையால் எழும்பியது. இதை ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

சம்பந்தம் பேச வந்த அன்று ஆண்கள் முன் விறாந்தையில் மஹர்ப் பணமும் நாளும் பேசினார்கள். வீட்டுப் பேச்சு எப்போதும் உள்ளே, பெண்களுக்கிடையில். என் உம்மா வெற்றிலை வட்டாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"மகளுக்கு ஊடு எங்க மச்சி?"

"வளவு இரிக்கி. அல்லாஹ் நாடினா ரெண்டு போகத்துல எழுப்பிரலாம்" என்றீர்கள்.

"ரெண்டு போகம் மட்டும் என்ட மகன் எங்க இருக்கிற, கொட்டில்லயா? காட்டுக்குள்ள அவ்வளவு பெரிய பங்களா சும்மா கிடக்கு. அதக் கழட்டிக் கொண்டந்தா நாலு மாசத்துல ஊடு."

சும்மா கிடக்கிறதாம். அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வட்டாப் பித்தளையில் வெட்டியிருந்த பூவைப் பார்த்தேன். உம்மா, அது அவங்கட மட்டும் இல்ல, அத விடுங்க என்று ஒரு வரி போதும். அந்த வரி என் நாக்கின் நுனி வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருந்தான். உனக்கு ஊடு வந்திற்று, எனக்கெண்டதும் உனக்கு வாய் வருதா என்று அவன் ஒருபோதும் கேட்கமாட்டான். கேட்கமாட்டான் என்பதால்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் றாத்தா, பங்களா என்னுடையதா? வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் "இது எல்லாருக்கும் உள்ள இடம், ஒருத்தரும் கேட்டு வரத் தேவையில்ல" என்று சொன்னது நானா? பெண்களைக் காட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தச் சொல்லி வந்த பள்ளிவாசல் மரைக்கார்மாரை வாசற்படி ஏறவிடாமல் நிற்கவைத்துப் பேசியனுப்பிய வாய் உங்களுடையது. அதே வாய் அன்று, உடுப்புக் கொடியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி, "சரி மச்சி, கழட்டுவம்" என்றது. அவ்வளவுதான். பிறகு சர்பத் கொடுத்தீர்கள்.

மாரி ஓய்ந்து சேறு காயுமுன்பே கழட்டினோம்; நான்கு நாள் போதுமாக இருந்தது. தம்பி கூப்பிட்டான் என்று நானும் வந்து வரிசையில் நின்று ஓடு இறக்கிக் கொடுத்தேன். நீங்கள் கதிரை போட்டு இருந்து, ஒரு கதவுப் பிணைச்சல் தவறாமல் கழட்டச் சொல்லி, ஆணிகளை நிமிர்த்தச் சொல்லி, எல்லாவற்றையும் நாங்கள் சோறு ஆக்கிய கிடாரத்திலேயே போட்டு ஏற்றினீர்கள். நான்காம் நாள் பின்நேரம் கிழிகாதன் குளக்கட்டு வரை வந்தான். தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தான். மூலைத் தூண் இருந்த இடத்தில் உழவு மெசின் நின்றது. திரும்பிப் போய்விட்டான். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

இதுவரை நடந்ததை நான் பொறுத்திருப்பேன். பெற்ற பிள்ளைக்காக எவளும் செய்வதைத்தான் செய்தீர்கள். என் வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

கலியாணம் முடிந்து, அடுத்த கோடை வந்தது. ஜெமீலாவும் அவளுடைய சகனில் இருந்த நால்வரும் பஸ் ஏறி நிந்தவூருக்கு வந்தார்கள், இந்த முறை எப்போது முதிரைமடுவுக்குப் போவது என்று கேட்க. புது வீட்டு முற்றத்தில் நின்றார்கள். உங்களுக்குப் பின்னால் முதிரைக் கதவு திறந்து கிடந்தது. நானும் அன்று அங்கே நின்றேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முதிரைமடுவ ஆனை உடைச்சிற்று புள்ளகள். மிஞ்சினதத்தான் ஏத்திக்கொண்டு வந்த."

"ஆரு, கிழிகாதனா?" என்று கேட்டாள் ஜெமீலா.

"ஓம். வேற ஆரு? டீச்சரும் கண்டதானே."

ஐந்து முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் "ஓம்" என்றேன்.

எதற்காக அந்தப் பொய்? மகளுக்கு வீடு தேவைப்பட்டது என்று சொல்லியிருந்தால் அந்த ஐந்து பேரில் ஒருத்தியும் உங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டாள். அவர்களுக்கும் கலியாணத்துக்கு நிற்கும் குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் நீங்கள் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகப் பழியைத் தூக்கி அவன்மேல் போட்டீர்கள். அவனுக்கும் நமக்கும் ஒரு கோபமும் இல்லை என்று நான்கு கோடை படிப்பித்த அதே நாக்கால்.

கதை வட்டைக்குப் போக ஒரு மாதம் எடுக்கவில்லை. கழட்ட நின்றவர்கள் எல்லோரும் தம்பியின் ஆட்கள்; அவன் முகத்துக்காக ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. துரை கட்டிய பங்களாவையே உடைத்தது நம்முடைய காவல் வாடியையா விடும் என்று வயல்காரர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கூடியது. துவக்கு வைத்திருந்த இரண்டு பேர் திங்கட்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்கள். தம்பி வந்து சொன்னதும் சனிக்கிழமை விடிய நான் உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"றாத்தா, போய்ச் சொல்லுங்க, அது உடைக்கல்லெண்டு."

சுளகு நிற்கவில்லை. "இப்ப போய் மாத்திச் சொன்னா நாளைக்கு ஊருல தல காட்ட ஏலுமா? புள்ளட மாப்பிள்ளைக்கும் மரியாதையில்ல."

"சுடப்போறாங்க றாத்தா."

"நான் சுடச் சொல்லல்ல. உனக்கு அவ்வளவு பெரிய மனசெண்டா நீ போய்ச் சொல்லு."

போனேன். வட்டைக்குப் போகும் பாதையில் மதகு மட்டும் போனேன். போய்ச் சொன்னால் முதல் கேள்வி, அப்ப ஆரு உடைச்ச என்பதுதான். அதற்குப் பதில் என் தம்பியின் வீடு. மதகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவில் சொன்னார்கள், குளத்துச் சேற்றில் விழுந்து கிடக்கிறதென்று. பிள்ளைகள் சைக்கிளில் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. நீங்களும் போகவில்லை.

அதன்பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வந்து வட்டிலப்பம் தின்றோம், பிள்ளைகளைத் தூக்கினோம், சுகம் கேட்டோம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள், நான் உங்கள் கதவைப் பார்க்கமாட்டேன். பிறகு சண்டை தொடங்கி நாட்டு நிலைமை கெட்டது. இன்றைக்கு வட்டைக்கு மேற்கே போவதற்கு யாருக்கும் துணிவில்லை. நிலைமை மட்டும் நல்லாயிருந்தால் றாத்தாவின் காட்டுப் படிப்பு இன்னும் நடந்திருக்கும் என்று கத்தத்துக்கு வந்தவர்கள் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். எவ்வளவு வசதி பாருங்கள். சண்டை அங்கே வரும் முன்பே நாம் அதைக் கழட்டி ஏற்றிவிட்டோம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

நீங்கள் பாயில் கிடந்த கடைசி நாட்களில் ஒருநாள், எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். மன்னிப்புக் கேட்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நான் அழவும் ஆயத்தமாகிவிட்டேன்.

"அண்டைக்கு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பங்களாவ விட்டுக் குடுத்திருக்கமாட்டன் புள்ள" என்றீர்கள். "நீ சொல்லுவாயெண்டுதான் பாத்துக்கொண்டிருந்த."

சாகக் கிடக்கிறவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பது எவ்வளவு அநியாயமான வழக்கம். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழும்பி வந்தேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உங்கள் பங்களா, உங்கள் மகள், உங்கள் வாய். அதை என் தலையில் கட்டிவிட்டுப் போக உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை.

நேற்றுக் கத்தம். ஓதி முடிந்து சகன்கள் எடுத்த பிறகு உங்கள் மகள் பின் விறாந்தையில் இருந்து சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். "கிழிஞ்ச காதுள்ள ஆனை வந்து, டமார் டமாரெண்டு உம்மும்மாட பங்களாவ உடைச்சிதாம். வாயத் திற, ஆ." பிள்ளை வாயைத் திறந்தது. உங்கள் மகள் பொய் சொல்லவில்லை றாத்தா. அவளுக்குத் தெரிந்ததே அதுதான்; நீங்கள் சொன்னதைத் தம்பியும் மாற்றிச் சொல்லவில்லை. கழட்டிய நான்கு நாளும் அவள் குமராக வீட்டுக்குள் இருந்தாள். தான் இருப்பது யானை மிச்சம் வைத்த வீடு என்று நம்புகிறாள்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்தபோது ஜெமீலா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். தலை நரைத்துவிட்டது. கையைப் பிடித்து வேலி ஓரம் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஜெமீலா, பங்களாவ ஆனை உடைக்கல்ல. நாங்கதான் கழட்டின. நானும் நிண்டு ஓடு இறக்கின."

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"றாத்தா சொன்ன அந்தக் கிழமையே எங்கட சகன் அஞ்சு பேரும் போய்ப் பாத்த. மெசின் சில்லுத் தடம் காஞ்சி கிடந்திச்சி. உடைஞ்ச ஓடுகள ஒரு பக்கமா அடுக்கி வெச்சிருந்திச்சி. ஆனை ஓடு அடுக்குமா? அவர்ட தடமும் சேத்துல காஞ்சி கிடந்திச்சி, குளக்கட்டு மட்டும் வந்து திரும்பியிருந்திச்சி."

அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன் ஒருத்தியும் வாய் திறக்கல்ல? அதச் சுடப்போறாங்கெண்டு கேள்விப்பட்ட நேரத்துலயாவது?"

அவள் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் குற்றமும் இல்லை, குறையும் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் எங்களுக்குப் படிப்பிச்ச ஆக்கள். நீங்க சொல்லுவீங்கெண்டு பாத்துக்கொண்டிருந்த டீச்சர்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நாளைக்கு உங்கள் மகளிடம் சொல்லப்போகிறேன். பிள்ளையின் முன்னால்தான் சொல்வேன். அவள் அழுவாள், தம்பி என்னோடு கதைக்காமல் விடுவான், அந்த வாசல் எனக்கு இனி இல்லாமல் போகலாம். உங்கள் பேரும் கெடும். கெடட்டும். நேற்று எல்லோரும் உங்களுக்காகக் கையேந்தினார்கள், நானும் ஏந்தினேன், வாய் அசையவில்லை. உங்களுக்கு மன்னிப்புக் கேட்டால் எனக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதற்கு நான் இன்னும் வரவில்லை.

வெள்ளியிலிருந்து திங்கள் வரை மூன்று நாள் இருந்தது, றாத்தா. அவன் உயிரோடு குளத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். உடைத்தது அவனில்லை என்று தெரிந்த முதிரைமடுப் பெண்கள் ஏழு பேர் இந்தக் கரையில் இருந்தோம்.